காற்று மாறப் போன வீடு

பூங்காவில் நாம் தினமும் உட்காரும் சிமெண்டு பெஞ்சில் போன வாரம் ஒரு பேச்சு வந்தது. "நம்ம சின்ன வயசுல காத்து எவ்வளவு சுத்தமா இருந்துச்சு" என்று ஒருவர் ஆரம்பித்தார். ஆளாளுக்கு ஒரு காற்றைச் சொன்னீர்கள். ஏரிக்காற்று, வேப்பமரத்துக் காற்று, கரும்புக்காட்டுக் காற்று. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. என்னை வாயாடி என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறவர்களுக்கு அது ஆச்சரியமாக இருந்திருக்கும். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதித் தருகிறேன். வாயால் சொன்னால் நடுவில் யாராவது மூட்டுவலிக்குப் போய்விடுவீர்கள்.

அந்தக் காலத்துக் காற்றை எனக்கு நன்றாகத் தெரியும். என் அம்மா அதை ஒவ்வொரு வாயாகப் பிடித்து உள்ளே இழுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அம்மாவுக்கு இரைப்பு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் நெஞ்சுக்குள் ஒரு சத்தம் இருந்தது. எல்லா அம்மாக்களுக்கும் அப்படித்தான் சத்தம் வரும் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா சத்தமில்லாமல் ஸ்டேஷன் மேம்பாலப் படி ஏறி வந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

நயா பைசா வந்த புதிது அது. அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் கிளார்க். ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கும் எஞ்சின்கள் நிற்கும் லோகோ ஷெட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலியும் கொஞ்சம் ஊமத்தைச் செடிகளும்தான். விடியற்காலையில் எஞ்சின்களுக்குக் கரி போட்டுக் கிளப்புவார்கள். கறுப்புப் புகை எழுந்து, எங்கே போவது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா மாதா கோயில் பூசைக்குக் கட்டிக்கொண்டு போகும் வெள்ளைச் சேலையைக் கொடியில் போடவே மாட்டாள். அடுப்படியில் கயிறு கட்டி, கதவைச் சாத்தி உலர்த்துவாள்.

படுத்தால் மூச்சு அடைக்கும் என்பதால் அவள் படுப்பதில்லை. கூட்ஸ் ஷெட்டில் உடைந்துபோன ஒரு தேயிலைப் பெட்டியை அப்பா கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஓரங்களில் தகரம் அடித்த பலகைப் பெட்டி. அதைக் கட்டிலின் மேல் கவிழ்த்து, தலையணை வைத்து, அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். காலையில் அவள் கன்னத்தில் தலையணை மடிப்பு கோடாக விழுந்திருக்கும், தலைமுடியில் தேயிலை வாசனை வரும். அந்தப் பெட்டி பிற்பாடு எங்கே போனது என்று தெரியவில்லை. எத்தனையோ தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டி அழுதிருக்கிறேன், அதைக் காப்பாற்றி வைக்கவில்லை.

வேலிக்கு அருகில் இருந்த ஊமத்தைக்கும் ஒரு கதை உண்டு. அதன் இலையை நிழலில் உலர்த்தி, பேப்பரில் சுருட்டிப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் மூச்சு கொஞ்சம் விடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மா கொல்லைப்புறத்தில் சுவரோடு சுவராக நின்று அதை இழுப்பாள். அடுத்த வீட்டு ரயில் கார்டின் மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். கூட்ஸ் கிளார்க் பெண்சாதி சுருட்டுக் குடிக்கிறாள் என்று மாதா கோயில்வரை பேச்சு போய்விட்டது. அப்பா கோபத்தில் குதித்தார். அம்மாவோ சிரித்தாள். சிரித்தால் இழுப்பு வரும், வந்தது, அப்படியும் சிரித்தாள்.

"பேரு கெட்டதுதான் கெட்டுச்சு, நல்ல சுருட்டா வாங்கிக் குடுங்க" என்றாள்.

எனக்குத் தலை பின்னி முடிப்பதற்குள் அவள் மூன்று தடவை நிற்பாள். கதை சொல்லும்போதும் அப்படித்தான். ராஜா கதவைத் திறந்தான் என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவாள். உள்ளே என்ன இருந்ததோ என்று நான் துடித்துப்போவேன். அவள் நிறுத்தியது மூச்சுக்காக. நான் அதைக் கதை சொல்லும் சாமர்த்தியம் என்று நினைத்தேன். இன்றைக்கும் யாராவது மூச்சுவிடாமல் கதை சொன்னால் எனக்குப் பிடிப்பதில்லை.

எனக்கு எட்டு வயதானபோது ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் இந்தப் புகையை விட்டுப் போனால்தான் உண்டு என்று சொன்னார். அப்பா அன்று சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் எதிரில் உட்கார்ந்தார்.

"திண்டிவனம் கூட்ஸ் ஆபீஸ்ல ஒரு கிளார்க்கு விழுப்புரம் வரணும்னு தவிச்சிக்கினு கெடக்கிறான். அவனோட மியூச்சுவல் ட்ரான்ஸ்பர் போட்டுக்கறேன். அவன் இங்க வரட்டும், நாம அங்க போவலாம்."

"சீனியாரிட்டி போயிடும்னு சொன்னீங்களே."

"போனா போவட்டும்."

"அடுத்த வருஷம் ஹெட் கிளார்க் ஆவ வேண்டியவரு நீங்க."

"ஹெட் கிளார்க் ஆயி ஒன்ன இந்தப் பொகையில வெச்சிக்கினு இன்னா பண்ணப்போறேன்?"

ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதில் ஒரு விதி இருந்தது. போகிற இடத்தில் வரிசையின் கடைசியில்தான் நிற்கவேண்டும். அப்பா பதினோரு வருஷம் ஏறிய படிகளை ஒரே கையெழுத்தில் இறங்கிவிட்டார். அவருக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாம் மேலே போனார்கள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா மட்டும் அதை மறக்கவே இல்லை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் போய் வீடு பார்த்தோம். வேலையை மாற்றிக்கொண்ட அந்தக் கிளார்க் இருந்த வீடு அது. வேலையோடு வீட்டையும் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ஓட்டு வீடு, நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு, பின்னால் கொல்லை, அதில் ஒரு முருங்கை. கொல்லைச் சுவருக்கு அந்தப்பக்கம் பெரிய தகரக் கொட்டகை ஒன்று பூட்டிக் கிடந்தது. கதவுக்கு முன்னால் புல் முளைத்திருந்தது.

"மல்லாட்டை மெஷின்" என்றார் அந்தக் கிளார்க். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பேர். "ஒடைக்கிற மெஷின். சீசன்ல மட்டும் ஓடும்."

"அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றார் அப்பா.

அவர் கொட்டகையைப் பார்க்கவில்லை. கொல்லையில் நின்றிருந்த அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முருங்கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தாள். சத்தமே வரவில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணை விரித்தாள், கடையில் கேட்காமலே ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொடுத்தால் பார்ப்போமே, அப்படி.

அந்த வீட்டில் முதல் மூன்று மாதம் நாங்கள் எப்படி இருந்தோம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சந்தோஷத்தை எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அம்மா படுத்துத் தூங்கினாள். மல்லாந்து, காலை நீட்டி, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நான் பயந்துபோய் அப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். அப்பா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்து என்னை வெளியே கூட்டிப்போனார். தேயிலைப் பெட்டியில் என் பள்ளிக்கூடப் புத்தகங்களை வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்தது. சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலிருந்து மல்லாட்டை மூட்டைகளோடு மாட்டுவண்டிகள் எங்கள் தெருவில் வர ஆரம்பித்தன. மார்கழி பிறந்த வாரம் கொட்டகையின் பூட்டைத் திறந்தார்கள்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மெஷினுக்குள் காயைக் கொட்டினால் அது தோலை உடைக்கும். உள்ளே ஒரு விசிறி சுழன்று பருப்பை ஒரு பக்கமும் தோலை ஒரு பக்கமும் தள்ளும். தோல் வந்து விழுகிற பக்கம் எங்கள் கொல்லைச் சுவர். தோல் சுவருக்கு அந்தப்பக்கமே விழுந்துவிடும், அதில் ஒன்றும் குறையில்லை. தோலில் ஒட்டிக்கொண்டு வந்த மண் இருக்கிறதே, செம்மண்ணும் பொடியும், அது சுவர் தாண்டி வரும். ஓட்டு இடுக்கில் இறங்கும். கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் அது இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். குடத்துத் தண்ணீரில் மிதக்கும், சோற்றில் நறநறக்கும். மூன்றாம் நாள் அம்மாவின் நெஞ்சில் பழைய சத்தம் வந்தது. ஒரு வாரத்தில் அது விழுப்புரத்தில் இருந்ததைவிட மோசமானது.

மெஷின் காலை எட்டு மணிக்குக் கிளம்பும், சாயங்காலம் ஐந்துக்கு நிற்கும், ஞாயிற்றுக்கிழமை ஓடாது. அப்பா ஏழு மணிக்குப் போவார், ஆறு மணிக்கு வருவார், அவருக்கும் ஞாயிறு லீவு. இதை யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருக்காது.

ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா நடுவீட்டில் மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு முழம் துடைப்பாள், நிற்பாள். நான் துணியைப் பிடுங்கினேன்.

"அப்பா வரட்டும், நான் சொல்றேன் பாரு."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு கிடைக்கும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினாள்.

"இன்னான்னு சொல்லுவே? இந்த ஊரும் ஆவலன்னா? எனக்காவ எல்லாத்தையும் வுட்டுட்டு வந்தாரு மனுஷன். நேத்து வந்தவன்லாம் அவர வேலை வாங்கறான். அவர்கிட்டப் போயி, நீ செஞ்சது வீணாப் போச்சுன்னு எந்த வாயால சொல்றது?"

"அப்ப நீ?"

"சீசன் முடிஞ்சா நின்னுடும். அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் பாத்துக்கலாம்."

சுவரில் மாட்டியிருந்த ஜெபமாலையை எடுத்து என் கையில் வைத்து, அப்பாவிடம் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினாள். எனக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது. அம்மாவும் நானும் கூட்டு. பெரியவர்கள் விஷயத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் கழுத்தை நிமிர்த்தித் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு எங்கள் சாயங்காலம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. நாலரைக்கு நான் ஈரத்துணியோடு ஆரம்பிப்பேன். கட்டில், ஜன்னல், மாதா சுரூபம் வைத்திருந்த மாடம், அப்பாவின் நாற்காலி. மெஷின் நின்றதும் ஜன்னலைத் திறப்போம். ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை அம்மாவிடம் கொஞ்சம் இருந்தது. பகலெல்லாம் எவ்வளவு இழுத்தாலும் அதைத் தொடமாட்டாள். ஐந்து மணிக்கு ஒன்றைப் போட்டுக்கொள்வாள். ஆறு மணிக்குள் அது வேலை செய்யும், மெஷின் ஓடாத ராத்திரியை அதை வைத்தே ஓட்டிவிடுவாள். முகத்தைக் கழுவி, பூ வைத்துக்கொண்டு நிற்பாள்.

அப்பா உள்ளே வந்ததும் அம்மாவைக் கேட்பார். "இன்னைக்கு எப்டி இருந்துச்சு?"

"பரவால்லங்க."

பிறகு என்னைப் பார்ப்பார். "இன்னா, அம்மா எப்டி இருந்தாங்க?"

"நல்லா இருந்தாங்கப்பா."

அவர் முகம் அப்படியே இளகிவிடும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் அந்தப் பொய்யை இன்னும் கொஞ்சம் அலங்காரம் செய்து சொல்ல ஆரம்பித்தேன். அம்மா இன்றைக்குப் பாட்டுப் பாடினாள், எனக்குப் பாண்டி ஆடச் சொல்லிக்கொடுத்தாள் என்றெல்லாம் அளந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து என்னை முறைத்துப் பார்ப்பாள்.

அந்த மாத்திரை போட்டால் கை நடுங்கும். சோறு போடும்போது கரண்டி தட்டில் தடதடவென்று இடிக்கும். அப்பா அதைப் பார்த்து ரத்தம் போதவில்லை என்று முடிவு கட்டினார். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆட்டு ஈரல் வாங்கிவந்து தன் கையாலேயே வறுத்துக் கொடுப்பார். அம்மாவுக்கு ஈரலைக் கண்டாலே குமட்டும். ஒரு துண்டு விடாமல் தின்பாள். எதிரில் உட்கார்ந்து அப்பா விசிறுவார். பாவம், அன்பு செலுத்துவதில் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள் இல்லை.

அப்பா பகலில் என்ன செய்தார் தெரியுமா? அந்த மெஷினில் உடைத்த பருப்பு மூட்டைகளை எடைபோட்டு, ரசீது எழுதி, வேகனில் ஏற்றினார். "இந்த வருஷம் நல்ல வெளைச்சல், சீசன் சித்திரை தாண்டியும் போவும்" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். அம்மா கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "அப்டிங்களா" என்றாள்.

மெஷினில் தோல் வாரும் ஒரு பெண் தண்ணீர் கேட்டு எங்கள் கொல்லைக்கு வருவாள். தலையில் சாக்கு, புருவமெல்லாம் செம்மண். அவளுக்கும் இருமல் உண்டு. என் புத்தகங்களை எடுத்துவிட்டு மறுபடி கட்டிலுக்குப் போன தேயிலைப் பெட்டிமேல் அம்மா கவிழ்ந்து மூச்சுக்குப் போராடுவதை அவள் ஒருநாள் பார்த்துவிட்டாள். தண்ணீரைக் குடிக்காமல் நின்றாள்.

"எங்களுக்கு இதுல கெடந்தாத்தான் கஞ்சி. ஒங்களுக்கு இன்னாம்மா வந்துச்சு, இங்க குந்திக்கினு இதத் துன்னணும்னு?"

அம்மா கையை ஆட்டி அவளைப் போகச் சொன்னாள். அவள் கேட்டது சரியான கேள்வி. அந்த வீட்டில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவள் அப்பாவிடம் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

மாசியில் எனக்குப் புதுநன்மை வகுப்பு, முதல்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்கான வகுப்பு, ஆரம்பித்தது. கோயிலில் எங்களை வரிசையாக உட்காரவைத்துப் பாவங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற பிள்ளைகள் எந்தப் பாவத்தைச் சொல்வது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னிடம் தயாராக ஒன்று இருந்தது. முதல் பாவசங்கீர்த்தனத்தில் சல்லடைக் கதவுக்கு இந்தப்பக்கம் மண்டியிட்டுச் சொன்னேன்.

"சாமி, நான் அப்பாகிட்ட பொய் சொல்றேன்."

"எத்தனை தடவை?"

"தெனமும் ஒரு தபா."

"யாரு சொல்லச் சொன்னது?"

"அம்மா."

 சாமியார் சொன்னார்: "அம்மா சொல்லைக் கேக்கணும். அப்பாகிட்ட பொய்யும் சொல்லக்கூடாது. பாத்து நடந்துக்கோ." மூன்று மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. பலகாரம் திருடிய பொய் என்று நினைத்திருப்பார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வரிசையில் எனக்குப் பின்னால் முப்பது பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.

பங்குனியில் ஒரு நாள் எனக்குப் பரீட்சை, மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா வாசலுக்கு முதுகைக் காட்டிப் பெட்டியின்மேல் கவிழ்ந்திருந்தாள். வாயிலும் மூக்கிலும் ஈரத்துண்டு. முதுகு ஏறி ஏறி இறங்கியது. மெஷின் இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழாது. நான் அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாசற்படியில் அப்பா நிற்கிறார்.

மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தார், எடுக்க வந்திருக்கிறார். அவர் அம்மாவின் முதுகைப் பார்த்தார். கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் தூசி இறங்குவதைப் பார்த்தார். அது அவள் தலைமேல், தோள்மேல் படிவதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கண்ணாடியை எடுக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். நான் சத்தியத்தை மீறவில்லை, ஆனால் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இனி அவர் பார்த்துக்கொள்வார். ஆறு மணிக்கு அவர் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் வந்தார், காலைக் கழுவினார், உள்ளே வந்து நின்றார்.

"இன்னைக்கு எப்டி இருந்துச்சு?"

"பரவால்லங்க" என்றாள் அம்மா.

"மொகத்தப் பாத்தாலே தெரியுது" என்றார்.

என்னிடம் அன்றைக்கு அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் என்னிடம் கேட்கவே இல்லை. அம்மாவிடம் மட்டும் தினமும் கேட்டார், தினமும் அதே பதிலை வாங்கிக்கொண்டார்.

அப்பா இறந்தபிறகு அவருடைய பெட்டியில் ஒரு காகிதம் கிடைத்தது. அந்தப் பங்குனியில் எழுதிப்போட்ட விண்ணப்பத்துக்கு ஆபீசிலிருந்து வந்த பதில். எந்த ஊராக இருந்தாலும் சரி, மாற்றல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மியூச்சுவலில் வந்தவருக்கு இப்போது முடியாது என்று இரண்டு வரியில் முடித்திருந்தார்கள். ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டுதான் அம்மாவிடம் பேசுவது என்று இருந்திருப்பார் போலும். கையில் ஒன்றும் இல்லாமல் அவள் பொய்யை உடைத்தால், அவளுக்கு அந்தப் பொய்யும் மிஞ்சாது. இது என் ஊகம்தான். ரயில்வேக்காரருக்கு இடம் மாறுவது என்றால் ட்ரான்ஸ்பர் ஒன்றுதான் தெரியும்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு எனக்குப் புதுநன்மை. மெஷின் இல்லாத நாள். அம்மா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கோயில்வரை நடந்தே வந்தாள். அப்பா குடையைப் பிடித்தார், அவள் நின்ற இடத்தில் எல்லாம் தானும் நின்று, தெருவில் ஏதோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் வெள்ளை கவுனோடு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். அவர்களை அப்படியே பிடித்து உலுக்கவேண்டும்போல் இப்போது இருக்கிறது. அன்று எனக்கு என் கவுன்தான் பெரிதாக இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, சித்திரை வெயிலில், ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. இரண்டாவது போகத்து மல்லாட்டை வந்து குவிந்திருந்தது, மெஷின் முழுமூச்சாக ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மேல் அம்மாவுக்கு மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நாவல்பழம் தின்றதுபோல் ஆனது. மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன், காலி. இரண்டு நாளாக ஐந்து மணிக்கு அவள் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"அப்பாவக் கூட்டியாரட்டுமா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பேசுவதற்கு அவளிடம் மூச்சு இல்லை. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். நான் விசிறினேன். முதுகைத் தடவினேன். மறுபடி கேட்டேன். மறுபடியும் தலையை ஆட்டினாள். நான் நல்ல பெண். சொன்னபடி கேட்கிறவள். எவ்வளவு நேரம் அப்படி விசிறிக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது. அவள் பிடி தானாகத் தளர்ந்த பிறகுதான் ஓடினேன்.

கூட்ஸ் ஷெட்டுக்கு வெறுங்காலோடு ஓடினேன். என்னைப் பார்த்ததும் அப்பா பேனாவை மூடாமல் எழுந்துவிட்டார். என்ன என்று கேட்கவில்லை. ஜட்கா பிடித்து வந்தபோது தோல் வாரும் அந்தப் பெண் அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் முந்தானையால் அம்மாவின் முகத்தில் இருந்த தூசியைத் துடைத்துவிட்டிருந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தெருவுக்கே காது அடைத்ததுபோல் இருந்தது.

அம்மாவை அடக்கம் செய்த பிறகு எங்களுக்குச் சோறு பொங்கிப்போட வளவனூரிலிருந்து அப்பாவின் அக்கா வந்தாள். என் அத்தைக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் நல்ல பேர் கிடையாது. எதை எங்கே பேசுவது என்று தெரியாதவள், நாக்கில் நரம்பில்லாதவள் என்பார்கள். அம்மாவும் அவளுக்குப் பயப்படுவாள். அத்தை வந்த மூன்றாம் நாள், காலையில் அடுக்கடுக்காகத் தும்மினாள். மூக்கைச் சிந்திவிட்டு, அப்பா சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து வந்து நின்றாள்.

"இன்னா வூடுடா இது? குந்த முடியல, நிக்க முடியல, சோத்துல மண்ணு. மனுஷன் இருப்பானா இதுல? வேற வூடு பாரு."

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கிட்டத்தான்டா சொல்றேன். ஊர்ல வேற வூடே இல்லியா?"

இருந்தது. நான்கே நாளில் கிடைத்தது. மூன்று தெரு தள்ளி, மேற்கே, அதே மாதிரி ஓட்டு வீடு. ஒரு மாட்டுவண்டியில் சாமான்கள் எல்லாம் ஒரே நடையில் வந்து சேர்ந்துவிட்டன. அத்தை அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினாள். நல்ல காற்று வருகிறதே, இதை முன்னாலேயே பார்த்திருந்தால் என்ன என்று கேட்டாள். அவளுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. மனதில் பட்டதைக் கேட்டாள்.

அப்பா எழுந்து கொல்லைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். எட்டு மணி ஆகியிருந்தது. தூரத்தில் மெஷின் கிளம்பும் சத்தம் லேசாகக் கேட்டது. தூசி வருகிறதா என்று அப்பா மேலே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நானும் பார்த்தேன். வானம் சும்மா நீலமாக இருந்தது.

"அப்பா, அம்மாவுக்குத் தெனமும் இழுத்துச்சு" என்றேன்.

"தெரியும்" என்றார்.

என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. தன் வயதுள்ள ஒரு ஆளிடம் கேட்பதுபோல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது.